கிழப்பருவத்துக் கஞ்சிக்கு என்ன வழி?

நமது நாட்டில் ஒரு மனிதன் தாய் வயிற்றிலிருக்கும் காலம் முதல் அவன் செத்துப் பல வருஷங்கள் ஆன பின்பும் கூட, அவன் பேரால் நடத்த வேண்டிய காரியங்களுக்கெல்லாம் சாஸ்திரமும் சடங்கும் செலவுக் கணக்கும் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. வளைகாப்புக்கு ஒரு கணக்கு, காதுகுத்துக்கு ஒரு கணக்கு, கல்யாணத்திற்கு ஒரு கணக்கு, செத்தால் கருமாதிக்கு ஒரு கணக்கு, அதற்கப்புறம் வருஷா வருஷம் திதிக்கு ஒரு கணக்கு. ஆனால் 60 வயதாகி, கையும் காலும் ஓய்ந்து, கூலிக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்தது முதல் சாகிற வரையில் அவன் எதைக் கொண்டு கஞ்சி குடிப்பது என்பதற்கு மாத்திரம் எந்தச் சாஸ்திரத்திலும் கணக்குக் கிடையாது. “எல்லாம் அவன் பார்த்துக் கொள்ளுவான்” என்பதுதான் கணக்கு. அந்த ‘அவன்’ என்பவன் சிலருக்குக் கடவுள், அனேகருக்கு மகன்.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள தோழர்களுக்கு இது விஷயமாய்ச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். ஏனெனில் நெடுங்காலக் கணக்கினாலேயே பிழைக்கின்ற பூமி அது. கூடலூரிலிருந்து பாளையம் வரையில் இருபோகம் விளைகின்ற வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? மேற்கே போகிற பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பி, 1895-ல் கட்டி முடித்த அணையிலிருந்து வருகின்றது. அந்த அணைக்காக 1886-ல் வெள்ளைக்கார சர்க்கார் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் எழுதி வாங்கிய குத்தகை எத்தனை வருஷத்திற்குத் தெரியுமா? 999 வருஷத்திற்கு. தண்ணீருக்கு 999 வருஷத்துக் கணக்குப் போட்டிருக்கின்ற இடத்தில், அந்தத் தண்ணீரைக் கொண்டு நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் விளைவிக்கின்ற குடியானவன், 60 வயதுக்கு மேல் தான் இருக்கப் போகிற இருபது இருபத்தைந்து வருஷத்திற்குக் கணக்குப் போடாமல் இருக்கின்றான் என்றால் அதை என்னவென்று சொல்லுவது? புத்தியில்லாதவன் என்று சொல்ல நாம் தயாராயில்லை. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, பழம் வருகிற வரையில் கடன் வாங்கிச் செலவு செய்து காத்திருக்கத் தெரிந்தவன் அவன். கொடிக்குத் தெரிந்த கணக்கு தன் உடம்புக்குத் தெரியாமற் போனதற்குக் காரணம் வேறு இருக்கின்றது.

அதாவது, மகன் என்பவன் ஒரு முதலீடு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. மகன் வயதான காலத்தில் சோறு போடுவான், செத்தால் கொள்ளி வைப்பான், கொள்ளி வைக்காவிட்டால் ‘புத்’ என்கின்ற நரகம் கிடைக்கும் என்று புரோகிதக் கூட்டம் எழுதி வைத்தது. இந்த மூன்றில் நரகம் இருப்பதாக இதுவரை பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாருமில்லை. கொள்ளி வைப்பதும் வைக்காததும் பிணத்துக்குத் தெரியப் போவதில்லை. மீதியுள்ளது சோறு ஒன்றுதான். அந்தச் சோறாவது ஒழுங்காகக் கிடைக்கின்றதா என்று அந்த ஊர்களில் திண்ணைதோறும் விசாரித்துப் பார்க்கட்டும். மூன்று மகன்கள் இருந்தால் மாதத்திற்கு ஒரு வீடு என்று முறை வைக்கின்றார்கள். 31 நாள் உள்ள மாதம் யாருக்கு என்பதில் மருமகள்மாருக்குள் வழக்கு. அப்பனை ஒரு வீட்டிலும் ஆத்தாளை வேறொரு வீட்டிலும் பங்கு வைப்பதும் உண்டு. இப்படிப் பங்கு வைக்கப்பட்ட கிழவன்தான் நேற்று வரையில் அந்த மூன்று வீட்டு நிலத்துக்கும் சொந்தக்காரன்!

இதற்காக மகன்களைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. கூலி வேலை செய்கின்ற மகனுக்குத் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் கடன் வட்டியும் போக மிஞ்சுவது என்ன? இல்லாதவனிடம் போய் ‘பெற்ற கடன்’ என்று நீதி பேசினால் சோறு வந்துவிடுமா? பத்திரமோ கணக்கோ இல்லாத ஒரு கடனை, கொடுக்கச் சக்தியில்லாத ஒருவனிடம், தனக்கு வசூலிக்கத் தெம்பில்லாத வயதில் வசூலிக்கலாமென்று நம்பியிருப்பதுதான் தவறு.

இந்த நம்பிக்கையினால் விளைந்த கேடு சோற்றோடு நிற்கவில்லை. மகன் சோறு போடுவான், மகளோ வரதட்சணையும் சீரும் கொண்டு போவாள் என்கின்ற கணக்கு முற்றிப் போனதினால்தான் மதுரை, தேனி, சேலம் பக்கங்களில் பிறந்த பெண் குழந்தைகளைக் கொன்றார்கள். 1992-ல் சேலத்தில் சர்க்கார் தொட்டில் வைத்து, “கொல்லாதீர்கள், எங்களிடம் போட்டு விடுங்கள்” என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. 2001-ல் அந்தத் தொட்டிலைத் தேனி ஜில்லாவுக்கும் கொண்டுவர வேண்டி வந்தது. மற்றொரு பக்கத்தில், விருதுநகர் வட்டாரத்தில் படுத்த படுக்கையான கிழவர் கிழவிகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாக விடுகின்ற ‘தலைக்கூத்தல்’ என்னும் கொடுமை 2010-ல் பத்திரிகைகளில் அடிபட்டது. தொட்டிலில் இருப்பதும் கட்டிலில் இருப்பதும் சம்பாதிக்காத உயிர், ஆகையால் செலவு, ஆகையால் கழித்துவிடு. இரண்டு கொலைக்கும் கணக்குப் புஸ்தகம் ஒன்றே. வயோதிகத்திற்கு ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு வரும்படி இருக்குமானால் இந்தப் புஸ்தகத்தில் பாதியைக் கிழித்து எறிந்து விடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, “எங்களுக்கு மிச்சம் பிடிக்க எங்கே வழி?” என்று கேட்பார்கள். ஒருபோதும் மிச்சமேயில்லாதவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால் பேசுவோம். மற்றவர்களைத் தங்கள் வீட்டு மொய் நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கும்படிக் கேட்டுக் கொள்ளுகின்றோம். அந்தப் பக்கத்தில் ‘செய்முறை’ என்று அதற்குப் பெயர். காதணி விழா, வசந்த விழா, புதுமனை புகுவிழா என்று முகூர்த்த மாதங்களில் அழைப்பு வந்து குவிகின்றது. மாதத்திற்கு இரண்டு விசேஷம், ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்திற்கு 12,000 ரூபாய் ஆகின்றது. தாய்மாமன் சீர் என்றால் கொட்டு மேளத்தோடு தட்டு வரிசை, ஆடு, பித்தளை அண்டா. அதற்குக் கணக்கே கிடையாது.

மொய்யை முழுதும் குற்றமென்று நாம் சொல்லவில்லை. கந்து வட்டிக்காரனிடம் போகாமல், வட்டியில்லாமல் ஒரு குடும்பத்திற்கு மொத்தமாகப் பணம் புரட்டிக் கொடுக்கின்ற ஏற்பாடு அது. எந்தப் பாங்கியும் இல்லாத காலத்தில் ஏழைகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக் கொண்ட பாங்கி என்று கூடச் சொல்லலாம். ஆனால் அந்தப் பாங்கியில் போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் நீங்கள் ஒரு விருந்து வைத்தாக வேண்டும். வந்த பணத்தில் பந்தலுக்கும் பிரியாணிக்கும் படம் போட்ட பேனருக்கும் பெரும்பகுதி போய்விடும். அதைவிட மோசமான சங்கதி என்னவென்றால், பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்ட 65 வயதுக் கிழவி எந்த விசேஷத்தை நடத்தித் தன் பணத்தைத் திரும்ப வாங்குவாள்? நாற்பது வருஷமாக அவள் ஏலக்காய் பறித்த கூலியிலிருந்து எழுதிய மொய் முழுவதும் மகன் வீட்டு விசேஷத்தில் மகன் பெயருக்கு வந்து சேருகின்றது. கிழப்பருவத்துக்கு உதவாத பாங்கி அது. மருந்து வாங்க 200 ரூபாய் வேண்டுமென்றால் மொய் நோட்டை எந்தக் கடையில் காட்ட முடியும்?

இன்னொரு கூத்தும் உண்டு. கையில் நாலு காசு உள்ளவர்களுக்கு 60 வயதானவுடன் பிள்ளைகள் திருக்கடையூருக்கு அழைத்துக் கொண்டு போய் மறுபடியும் தாலி கட்டச் சொல்லுகின்றார்கள். அங்கேதான் சாமி எமனை உதைத்ததாம். அதனால் ஆயுள் விருத்தியாகுமாம். நாம் கேட்கின்றோம்: ஆயுள் விருத்தியாகிவிட்டால் செலவும் அல்லவா விருத்தியாகும்? எமன் வருவதற்கு இன்னும் 20 வருஷம் ஆகுமென்றால் அந்த 20 வருஷத்திற்கும் அரிசி, மருந்து, கரண்டு பில் யார் கட்டுவது? எமனை உதைக்கச் செலவழித்த பணத்தைத் தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டிருந்தால், 2023 ஏப்ரலில் வைத்த 8.2 வட்டி விகிதப்படி லட்சம் ரூபாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை 2,050 ரூபாய் வந்திருக்கும். அது எமன் வருகிற வரையில் கஞ்சிக்குத் துணையாயிருக்கும்.

சின்னமனூருக்குப் பக்கத்திலுள்ள குச்சனூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அங்கே கூடுகின்ற கூட்டம் கொஞ்சமல்ல. மங்கு சனி, பொங்கு சனி, மரணச் சனி என்று பயமுறுத்தி எள் விளக்குப் போடச் சொல்லுகின்றார்கள். சனி என்பது சூரியனைச் சுற்றுகின்ற ஒரு பெரிய உருண்டை. ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஏறக்குறைய 29½ வருஷம் பிடிக்கின்றது. இந்தக் கணக்கு நமக்கு மெத்தவும் பிரயோஜனமானது. 30 வயதில் ஒருவன் மாதம் 500 ரூபாய் வீதம் போட ஆரம்பித்தால் சனி ஒரு சுற்று முடிக்கும்போது அவனுக்கு 60 வயது. போட்டது 1,80,000 ரூபாய். வருஷத்திற்கு நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்துக் கொண்டால் கையில் இருப்பது ஏறக்குறைய 6 லட்சம். அதே மனிதன் ஏழரைச் சனி கழியட்டும், அப்புறம் கழியட்டும் என்று தள்ளிக் கொண்டு போய் 45 வயதில் ஆரம்பித்தால், போட்டது 90,000. கிடைப்பது ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். போட்டது பாதி, கிடைப்பதோ கால்வாசி. இந்த ஒரு தோஷத்தைத் தவிர வேறு சனி தோஷம் எதுவும் நமக்குத் தெரிந்து கிடையாது. இதற்கு எள் விளக்கு பரிகாரமாகாது.

ஆனால் 6 லட்சம் என்றவுடன் சந்தோஷப்பட்டு விடவும் கூடாது. விலைவாசி வருஷத்திற்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறிக் கொண்டே போனால் 12 வருஷத்தில் ரூபாயின் மதிப்பு பாதியாகி விடும். இதை மறைத்துவிட்டுத் திட்டம் பேசுகின்றவர்களை நம்பக் கூடாது. உதாரணமாக, 2015-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் சேருகிறவன் மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 5,000 கிடைக்கும் என்கின்றார்கள். கிடைக்கும். ஆனால் 42 வருஷம் கழித்துக் கிடைக்கின்ற அந்த 5,000 மேற்சொன்ன கணக்குப்படி இன்றைய 450 ரூபாய்க்கும் குறைவாகத்தான் அரிசி வாங்கும். அதற்காகச் சேர வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் சேர்ந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று காலை நீட்டிப் படுக்க வேண்டாம் என்கின்றோம். 5 ஏக்கருக்குள் நிலமுள்ளவர்களுக்கு 2019-ல் வந்த விவசாயி பென்ஷன் திட்டத்தில் கட்டுகின்ற தொகைக்குச் சமமாக சர்க்காரும் கட்டுகின்றது. அது கொஞ்சம் மேல். 40 வயதுக்குள் சேர வேண்டும்.

மற்றபடி, வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டுகிறவனைக் கண்டால் பாம்பைக் கண்டது போல் விலக வேண்டும். ஈமுக் கோழி வளர்க்கிறோம் என்று பணம் திரட்டிய கம்பெனிகள் 2012-ல் கவிழ்ந்தபோது எத்தனை பேருடைய ஓய்வுக்காலப் பணம் அதில் போயிற்று! சாமியிடம் வரம் கேட்கின்ற புத்தியும், இப்படிப்பட்ட கம்பெனியில் பணம் போடுகின்ற புத்தியும் ஒரே மூளையில்தான் விளைகின்றது. இரண்டு இடத்திலும் “எப்படி?” என்று கேட்பது பாவம் என்று பழக்கியிருக்கின்றார்கள்.

இனி, மிச்சமே பிடிக்க முடியாதவர்கள் சங்கதிக்கு வருவோம். விடியுமுன் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகின்ற பெண்களைப் பார்த்து “சிக்கனமாயிரு” என்று உபதேசிப்பது அயோக்கியத்தனம். அவர்கள் வயோதிகத்துக்குப் பொறுப்பாளிகள் அவர்கள் உழைப்பில் லாபம் கண்டவர்களும் சர்க்காருமே ஆவார்கள். இது பிச்சையுமல்ல, தர்மமுமல்ல. ஜெர்மனியில் 1889-லேயே தொழிலாளியும் முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து பணம் போட்டு வயோதிகச் சம்பளம் கொடுக்கச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1908-ல் சட்டம் செய்து, அடுத்த வருஷம் முதல் 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் கொடுத்தார்கள். நமது மாகாணத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்த முதியோர் உதவி, 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. இதில் மத்திய சர்க்காரின் பங்காக 60 முதல் 79 வயது வரையில் உள்ளவர்க்கு வைத்த தொகை 200 ரூபாய். டெல்லியிலிருந்து கொண்டு பாரத மாதா என்று பேசுகின்றவர்கள் இந்நாட்டுக் கிழத் தாய்மாருக்கு வைத்த விலை இதுதான்!

தோட்டத்தில் தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் தங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கின்றதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகின்றதா, முதலாளி தன் பங்கைக் கட்டுகின்றாரா என்று கேட்க வேண்டும். பத்து வருஷம் கட்டியிருந்தால் 58 வயதில் பென்ஷன் பாத்தியதை உண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு வருஷத்திற்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு என்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டம்; 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கின்றது. கங்காணி மூலம் நாளுக்கு ஒரு தோட்டமென்று போகிறவர்களுக்கு இவை எட்டாது. அவர்களும் கட்டட வேலை, சுமை வேலை செய்கிறவர்களும் 60 வயது ஆவதற்கு முன்னால் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதிந்து கொள்ள வேண்டும். 60 கடந்த பின்பு வாரியத்தின் வாசலில் போய் நின்றால், “முன்னமே வந்திருக்கக் கூடாதா” என்று கேட்பார்கள். நமது இயக்கத் தோழர்கள் இந்த ஊர்களில் பொதுக்கூட்டம் போடுகிறபோது மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தால், அது இரண்டு மணி நேரப் பிரசங்கத்துக்குக் குறைந்த பிரசாரமாகாது.

பெண்கள் விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டியிருக்கின்றது. புருஷனை விட இளையவளாகக் கட்டி வைக்கின்றார்கள். பெண்கள் ஆண்களை விட அதிக நாள் உயிரோடிருக்கவும் செய்கின்றார்கள். ஆகவே கடைசிப் பத்து வருஷத்தை ஒண்டியாய்க் கழிக்க வேண்டியவள் அவளே. ஆனால் பட்டா யார் பெயரில்? பாங்கிக் கணக்கு யார் பெயரில்? அவளுக்கென்று இருப்பது கழுத்திலும் காதிலும் உள்ளது. அதுவும் மகன் மோட்டார் சைக்கிள் வாங்குகிற வரையில்தான். பிறகு அது அடகுக் கடையில். பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாகாண மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரையில், அதாவது சரியாக 60 வருஷம் ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005-ல்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும், “அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும்” என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகின்றார்கள். அப்படிக் கையெழுத்து வாங்கின அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கடைசியில் மலம் மூத்திரம் எடுப்பது எந்தப் பிள்ளை என்று பார்த்தால், அனேகமாய் அந்த மகளாகத்தான் இருக்கின்றாள்.

கடைசியாக, நிலமுள்ளவர்களுக்கு ஒரு சங்கதி. உயிரோடிருக்கும்போதே சொத்து முழுவதையும் பிள்ளைகள் பேருக்குத் தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது போன்ற ஆபத்து வேறில்லை. உயில் என்பது நீங்கள் செத்த பிறகு நடப்பது. நினைத்தால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டோ எழுதின அன்றே கை மாறிவிடும். எழுதித்தான் தீர வேண்டுமென்றால், ஆயுள் வரையில் அனுபவிக்கும் பாத்தியதை தங்களுக்கே என்றும், தங்களுக்குச் சோறும் துணியும் வைத்தியமும் கொடுத்துப் பராமரிக்க வேண்டுமென்பதே நிபந்தனை என்றும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாதென்று ஆக்கலாம். நிபந்தனை இருந்ததாக நிரூபிக்க வேண்டுமென்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிற்று. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் வயோதிகர்கள் பக்கம் தாராளமாய்ப் பொருள் கொள்ள வேண்டுமென்று சொல்லிற்று. நீதிபதிகளின் தாராளத்தை நம்பியிருப்பதைவிட எழுத்தில் ஒரு வரி சேர்ப்பது மேல். பத்திரம் எழுதுபவர் “அதெல்லாம் எதற்கு, உங்கள் பிள்ளைதானே” என்று சொன்னால் வேறு எழுத்தரிடம் போக வேண்டியதுதான்.

முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு முறைச் சோற்றுக்கு வந்தவர்களும், சொத்தே இல்லாமல் பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்களும் அதே சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரையில் கொடுக்கும்படி உத்தரவிட அச்சட்டத்தில் இடமிருக்கின்றது. பிள்ளையில்லாதவர்கள் தங்கள் சொத்துக்கு வாரிசாகப் போகின்ற உறவினரிடம் கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. விசாரிக்கிறவர் கோட்டாட்சியர்: கம்பம், கூடலூர், சின்னமனூர், போடிப் பக்கத்தார் உத்தமபாளையத்துக்கும், தேனி, ஆண்டிப்பட்டிப் பக்கத்தார் பெரியகுளத்துக்கும் போக வேண்டும். எதிர்க்கட்சிக்கு நோட்டீசு சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டுமென்று சட்டத்தில் கெடு இருக்கின்றது. பெற்ற பிள்ளை மேல் பிராது கொடுப்பதா என்று கூச்சப்படுகின்ற கிழவர்கள், 31 நாள் மாதத்துக்குத் தங்களை ஏலம் போட்ட தினத்தில் அந்தப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்களா என்று யோசித்துப் பார்த்துவிட்டு உத்தமபாளையம் பஸ் ஏறலாம்.